மலைச்சாலை எஞ்சினுக்கு எந்த அளவு டர்போ? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"2.5 லிட்டர் டீசல் ஜீப், இப்போது 105 குதிரைத்திறன். அதை 140 ஆக்க எந்த டர்போ போடலாம்?" குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்து வாகன உரிமையாளர்களிடமிருந்து இந்தக் கேள்வி சிறு சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. டர்போ என்பது வெளிப்புகையால் சுழலும் டர்பைன் சக்கரமும், அதே தண்டில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் சக்கரமும் கொண்ட கருவி. கேட்பவரின் கையில் பெரும்பாலும் இரண்டு யோசனைகள் ஏற்கெனவே இருக்கும். சமவெளியில் வேலை செய்யும் பட்டறைக்காரர் பெரியதாகப் போட்டுவிடலாம் என்றிருப்பார். மலையில் ஓட்டும் நண்பரோ சின்ன டர்போதான் உடனே பிக்கப் கொடுக்கும் என்றிருப்பார். இருவருமே தத்தம் சாலையை வைத்துச் சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. உதகையில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும் காற்று அல்ல.

உயரத்துக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூச்சி காப்புரிமை பெற்ற இந்தக் கருவியை, 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லிபர்ட்டி விமான எஞ்சினுடன் கொண்டுசென்று சோதித்தார். மெலிந்த காற்றில் இழந்த சக்தியை மீட்பதே அன்று நோக்கம். நீலகிரியில் டர்போ வாங்குபவருக்கு இன்றும் பாதி வேலை அதுதான். கூடுதல் சக்தி என்பது அதற்கு மேல் வருவது.

எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, விரும்பும் சக்திக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது. டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.38 பவுண்ட் எரிபொருள் எரிக்கும் என்றும், புகையில்லாமல் எரிய ஒரு பங்கு டீசலுக்கு 20 பங்கு காற்று வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், 140 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு சுமார் 17.7 பவுண்ட் காற்று தேவைப்படும். ஒரு கம்ப்ரசர் எந்த அழுத்த விகிதத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று காட்டும் கம்ப்ரசர் வரைபடங்கள் பெரும்பாலும் பவுண்டிலேயே அச்சாவதால் இங்கும் அந்த அலகையே பயன்படுத்துகிறேன். பெட்ரோல் எஞ்சினுக்குக் கணக்கு வேறு: எரிபொருள் 0.55, காற்று 12 பங்கு என்று எடுப்பது வழக்கம். அதன்படி 150 குதிரைத்திறனுக்கு 16.5 பவுண்ட் போதும்.

இரண்டாவது, அழுத்த விகிதம், அதாவது கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்றின் அழுத்தத்தை உள்ளே நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண். கேஜில் தெரியும் 'பூஸ்ட்' இது அல்ல. கேஜ், சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று மட்டுமே காட்டும். சுற்றியுள்ள காற்றே மெலிந்துபோனதை அது சொல்லாது.

மூன்றாவது, வண்டி உண்மையில் எந்த ஆர்.பி.எம்மில் ஓடுகிறது என்பது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முதல் அல்லது இரண்டாம் கியருக்கு இறங்கி, 1,300–1,500 ஆர்.பி.எம்மிலிருந்து மீண்டும் இழுக்க வேண்டியிருக்கிறது. 3,600 ஆர்.பி.எம்மில் கிடைக்கும் உச்ச சக்தியை இந்தச் சாலைகளில் பயன்படுத்த வாய்ப்பு மிகக் குறைவு. நான்காவது, டர்போவின் விலைக்கு வெளியே நிற்கும் செலவுகள். அவற்றை அந்தந்த வழியின் கீழ் சொல்கிறேன்.

மேலே சொன்ன 140 குதிரைத்திறன் எடுத்துக்காட்டை மூன்று ஊர்களுக்கும் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சின் 3,600 ஆர்.பி.எம்மில் ஓடுகிறது, அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 55 டிகிரி, ஏர் ஃபில்டரிலும் குழாய்களிலும் வழக்கமான இழப்பு என்ற அனுமானங்களோடு வரும் எண்கள் இவை.

| | மேட்டுப்பாளையம் | குன்னூர் | உதகை |
|---|---|---|---|
| உயரம் (மீட்டர், சுமார்) | 325 | 1,850 | 2,240 |
| காற்றழுத்தம் (கிலோ பாஸ்கல்) | 97.5 | 81 | 77 |
| எடுத்துக்கொண்ட வெப்பநிலை | 32° | 19° | 15° |
| தேவையான அழுத்த விகிதம் | 2.2 | 2.7 | 2.8 |
| வரைபடத்தில் குறிக்க வேண்டிய காற்றோட்டம் (பவுண்ட்/நிமிடம்) | 18 | 21.4 | 22.4 |

கடைசி வரிசைக்கு மட்டும் விளக்கம் தேவை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை மூன்று ஊர்களிலும் அதே 17.7 பவுண்ட்தான். ஆனால் மெலிந்த காற்றில் அந்த எடையைச் சேர்க்கக் கம்ப்ரசர் கூடுதல் கன அளவை விழுங்க வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் குறிக்கும் புள்ளி வலப்பக்கம் நகர்கிறது. அழுத்த விகிதமும் கூடுவதால் அது மேலேயும் ஏறுகிறது. வலமும் மேலும் நகர்வதென்றால் டர்போ வேகமாகச் சுழல்கிறது என்று பொருள். இதே முறையில் கணக்கிட்டால், எந்த மாற்றமும் செய்யாத 105 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போ, அந்தச் சக்தியை உதகையில் தக்கவைக்க, மேட்டுப்பாளையத்தில் 130 குதிரைத்திறனுக்கு உழைப்பதற்கு ஏறத்தாழச் சமமாக உழைக்கிறது. நிறுவனம் விட்டுவைத்த கையிருப்பில் பெரும்பகுதியை மலை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

வழி ஒன்று: இருக்கும் டர்போவிலேயே அழுத்தம் கூட்டுவது

செலவு குறைவு என்பதால் பலரும் முதலில் நாடுவது இதைத்தான். டர்பைனுக்குள் போகாமல் வெளிப்புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியை இறுக்குவது, அல்லது எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வின் அமைப்பை மாற்றுவது, அதாவது ரீமேப் செய்வது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். சிறிய டர்பைன் என்பதால் வளைவை விட்டு வெளியே வந்ததும் இழுவை உடனே கிடைக்கும். சமவெளியில் 105-ஐ 120 ஆக்குவதற்கு இது நியாயமான வழி.

உதகையில் இதன் கதை வேறு. எளிய ஆக்சுவேட்டர் சுற்றுப்புறக் காற்றோடு ஒப்பிட்டே திறக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 1 பார் பூஸ்ட் என்று அமைத்தால் உதகையிலும் கேஜ் 1 பார்தான் காட்டும். ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதே ஏற்றத்தில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை. சிக்கல் தொடங்குவது, அந்தப் பத்தில் ஒரு பங்கையும் மீட்கிறேன் என்று மேலே வந்தபின் கம்பியை இன்னும் இறுக்கும்போதுதான்.

எரிபொருளை உயர் அழுத்தத்தில் கணினி வழியாகச் செலுத்தும் நவீன காமன் ரயில் எஞ்சின்களில் காற்றழுத்தத்தை அறியும் சென்சார் இருக்கிறது. உயரத்தில் டர்போ அளவுக்கு மீறிச் சுழலாமல் இருக்க, இ.சி.யு. தானாகவே எரிபொருளையும் பூஸ்டையும் குறைத்துக்கொள்ளும்படி நிறுவனங்கள் அமைக்கின்றன. 'மலையில் சக்தி குறையாமல் பண்ணித் தருகிறேன்' என்று சொல்லும் ரீமேப் இந்தப் பாதுகாப்பையே நீக்கியிருக்கலாம். போடுவதற்கு முன் இதை நேராகக் கேட்டுவிட வேண்டும். சிறிய டர்போ ஒன்றின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதற்கும் மேலே துரத்தப்பட்டால் முதலில் தேய்வது பேரிங். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் உணரக்கூடிய ஆட்டமோ, இறக்கைகளின் ஓரம் உறையில் உரசிய பளபளப்போ இருந்தால் அந்த டர்போவின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

வெப்பமும் கூடும். கம்ப்ரசர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்தால், உதகையின் 15 டிகிரிக் காற்று 2.8 விகிதத்தில் அழுத்தப்பட்டு சுமார் 156 டிகிரியாக வெளியேறும். சிறிய கம்ப்ரசரை வரைபடத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளித் திறன் 60 சதவீதமாகிவிட்டால் அதுவே ஏறத்தாழ 179 டிகிரி. குளிர்ந்த ஊர்தானே, இன்டர்கூலர் சமாளித்துவிடும் என்ற நம்பிக்கை, வண்டி முதல் கியரில் ஊர்ந்து ஏறுவதால் அதன் மேல் காற்றே படாத கல்லட்டியில் பலிக்காது.

வழி இரண்டு: ஒரு படி பெரிய கம்ப்ரசர், அதே டர்பைன் உறை

பட்டறைகளில் 'ஹைபிரிட்' என்று சொல்லப்படுவது இதுதான். வெளிப்புகை நுழையும் டர்பைன் பக்கம் சிறியதாகவே இருக்கும்; காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் மட்டும் ஒரு படி பெரிதாக்கப்பட்டு, உறை அதற்கேற்பக் கடையப்படும். உதகையின் 22.4 பவுண்ட், 2.8 விகிதம் என்ற புள்ளி பெரிய சக்கரத்தின் நல்ல திறன் பகுதிக்குள் விழும்படி தேர்ந்தெடுக்க முடியும். டர்பைன் உறையின் அளவைக் குறிக்கும் ஏ/ஆர் எண் மாறாததால் தாழ்ந்த ஆர்.பி.எம். இழுவையும் அதிகம் கெடாது. சக்கரம் கனத்த அளவுக்கு லேக், அதாவது பூஸ்ட் எழும்பும் வரையான தாமதம், சற்றுக் கூடும், அவ்வளவே.

மலையில் வசித்து, வாரத்தில் ஓரிரு முறை கோவைக்கு இறங்கி ஏறும் ஜீப்புக்கு என் தேர்வு இதுவே. இதற்கும் எல்லை உண்டு. டர்பைன் சிறியதாகவே இருப்பதால் உயர் ஆர்.பி.எம்மில் புகை வெளியேற இடமின்றிப் பின்னழுத்தம் கூடும். வெளிப்புகையின் வெப்பம் ஏறும். 140-ஐத் தாண்டி 160, 170 என்று ஆசைப்பட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது பேலன்சிங். சக்கரம் மாற்றிய தண்டை முறையான இயந்திரத்தில் பேலன்ஸ் செய்யாமல் பொருத்தினால், நல்ல உதிரிபாகமும் சில மாதங்களில் விசில் அடிக்கத் தொடங்கும். பேலன்சிங் அறிக்கையை அச்சாக வாங்கிக்கொள்ளலாம். தர மறுக்கும் இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம். அடுத்து கிளட்ச். சக்தியை மூன்றில் ஒரு பங்கு கூட்டிய வண்டியின் பழைய கிளட்ச் பிளேட், சுமையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் கருகும். அதோடு ஆயில் குழாய்கள், பெரிய இன்டர்கூலர், வெளிப்புகை வெப்பமானி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தச் செலவு டர்போவின் விலையைத் தாண்டிவிடுவது இயல்பு.

வழி மூன்று: பெரிய டர்போ

சமவெளியில் நீண்ட தூரம் நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டிக்கும், பந்தயப் பாதைக்கும், 200 குதிரைத்திறனைத் தாண்டும் இலக்குக்கும் இது பொருந்தும். அதற்கு உள்பாகங்களும் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

நீலகிரியில் இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பூஸ்ட் வரும் வரை டர்போ எஞ்சினும் டர்போ இல்லாத எஞ்சின்தான். உதகையில் அது மேட்டுப்பாளையத்துக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ 84 சதவீதத்தை மட்டுமே மூச்சாக இழுக்கிறது. ஆகவே லேக் என்ற குறை மலையில் இருமடங்காகத் தாக்குகிறது: காத்திருக்கும் நேரமும் நீள்கிறது, காத்திருக்கும்போது கையில் இருக்கும் சக்தியும் குறைகிறது. கொண்டை ஊசி வளைவில் பின்னால் பேருந்து நிற்க, 2,500 ஆர்.பி.எம். வரும் வரை வண்டி அசையாமல் முனகுவதை ஓட்டுநர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து சர்ஜ். 1,500 ஆர்.பி.எம்மில் இந்த எஞ்சின் முழு அழுத்தத்தைக் கேட்டால்கூட, உதகைக் கணக்கில் அதற்குச் செல்லும் காற்றோட்டம் 9 பவுண்டைச் சற்றே தாண்டும். பெரிய கம்ப்ரசர் அந்த அழுத்த விகிதத்தில் அவ்வளவு குறைந்த காற்றைச் சீராகத் தள்ளாது. காற்று சக்கரத்திலிருந்து பின்னோக்கித் திரும்பி, குழாயில் படபடவென்று ஓசை எழும். கேட்பதற்குச் சிலருக்கு அது பிடித்துமிருக்கலாம். அந்த ஓசை ஒவ்வொன்றும், தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் விழும் அடி.

வழி நான்கு: விஜிடி

வெளிப்புகை நுழையும் வாயைச் சுற்றி அசையும் தகடுகள் கொண்ட டர்போ இது. தாழ்ந்த வேகத்தில் தகடுகள் குறுகிச் சிறிய டர்போபோலவும், உயர் வேகத்தில் விரிந்து பெரிய டர்போபோலவும் வேலை செய்யும். நம் சாலைகளில் எல்லோரும் பார்த்த ஒப்பீடு ஒன்று உண்டு. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், ஸ்விஃப்ட்டில் நிலையான டர்போவோடு 75 குதிரைத்திறனும் 2,000 ஆர்.பி.எம்மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. எர்டிகாவில் விஜிடியோடு 90 குதிரைத்திறனும் 1,750 ஆர்.பி.எம்மில் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. எஞ்சினின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றே. சக்தி கூடியும் இழுவை முன்னதாகவே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலையான டர்போவைப் பெரிதாக்கினால் இரண்டாவது நடக்காது.

காகிதத்தில் மலைக்கு மிகப் பொருத்தமானது இதுதான். ஆனால் மலைப் பயன்பாடே இதற்கு நோயும் கொடுக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கும் ஊருக்குமாக நான்கைந்து கிலோமீட்டர், குளிர்ந்த எஞ்சின், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்காத நீண்ட நேரம் என்று ஓடும் வண்டியில் வெளிப்புகை போதிய சூடு பெறுவதில்லை; புகைக்கரி தகடுகளில் படிந்து இறுகுகிறது. கழற்றிப் பார்த்தால் தகடு வளையத்தைச் சுற்றிக் கறுத்த ஓடுபோல் கரி கட்டியிருக்கும்; விரலால் தள்ளினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிப் போக வேண்டிய நெம்புகோல் பாதியில் நின்றுவிடும். தகடு விரிந்த நிலையில் சிக்கினால் இழுவை இராது. குறுகிய நிலையில் சிக்கினால் மேட்டில் பூஸ்ட் எகிறி, எஞ்சின் பாதுகாப்பு நிலைக்குப் போய் வண்டி ஊரும்.

விஜிடி இல்லாத எஞ்சினில் புதிதாக விஜிடி பொருத்துவது இன்னும் கடினம். தகடுகளை எப்போது, எவ்வளவு அசைப்பது என்று இ.சி.யு.வுக்குத் தெரியாது, அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும், நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்து அமைக்கத் தெரிந்தவரும் வேண்டும். வண்டி ஏற்கெனவே விஜிடியோடு வந்திருந்தால், அதையே சுத்தம் செய்து, அதன் ஹைபிரிட் வடிவத்துக்குப் போவதுதான் செலவுக்கேற்ற பலன் தரும். இல்லாத வண்டிக்கு வழி இரண்டே போதும்.

டர்போவே தேவையில்லாத வண்டிகள்

சக்தி போதவில்லை என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்குத் தேவை, வெடித்த இன்டர்கூலர் ரப்பர் குழாயோ அடைத்த ஏர் ஃபில்டரோ மாற்றுவதுதான். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவோடு தூசி ஒட்டிய வளையம் தெரிந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. மலையில் டர்போவுக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு என்பதால், சமவெளியில் தெரியாத சிறு கசிவும் உதகையில் தெரிந்துவிடும்.

கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் வண்டிக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களுக்குச் சுமை இருப்பது இறக்கத்தில். ஏறும்போது வண்டி பெரும்பாலும் காலி. அந்தப் பணத்தைப் பிரேக்குக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் செலவிடுவது மேல். உரமும் சிமென்ட்டும் ஏற்றிவரும் வண்டிகளின் கதை நேரெதிர்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சொந்த வண்டிக்கு விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். வாடகை வண்டிக்கு எஃப்.சி. சமயத்திலேயே கேள்வி வரும். டூரிஸ்ட் டாக்ஸி வைத்திருப்பவர்கள் நிறுவனம் பொருத்திய அதே எண்ணுள்ள டர்போவைத் தவிர வேறெதையும் நாட வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னும் பொருத்திய பின்னும்

விற்பவரிடம் அந்த டர்போவின் கம்ப்ரசர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதில் மூன்று புள்ளிகளைக் குறிக்க வேண்டும்: மேட்டுப்பாளையத்தின் உச்சம், உதகையின் உச்சம், உதகையில் 1,500 ஆர்.பி.எம். முதலிரண்டும் வலது ஓரத்துக்கும் உச்ச வேகக் கோட்டுக்கும் உள்ளேயும், மூன்றாவது சர்ஜ் கோட்டுக்கு வலப்பக்கமும் விழுந்தால் அளவு சரி. மூன்றாவது புள்ளியில் முழு அழுத்தம் வேண்டாம், 1.8 விகிதம் போதும் என்று ஒத்துக்கொண்டால் தேர்வு இன்னும் எளிதாகும். 'இது 200 குதிரைக்குத் தாங்கும்' என்ற வாய்மொழி கடல்மட்டக் கணக்கு. வரைபடம் தர முடியாத டர்போவை மலைக்கு வாங்குவதில் பொருளில்லை.

பொருத்திய பின் முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமல் மேட்டுப்பாளையத்திலிருந்து தொடங்கி, பர்லியாறு, குன்னூர், உதகை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே கியரில், ஒரே ஆர்.பி.எம்மில் பூஸ்டையும் டர்பைனுக்கு முன்னுள்ள வெளிப்புகை வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். உயரம் கூடக்கூட வெப்பம் ஏறுவது இயல்பே. ஆனால் குன்னூரைத் தாண்டியதும் அது 700 டிகிரியைக் கடந்து அங்கேயே நின்றாலோ, வளைவை விட்டு வெளியேறிய பிறகும் கரும்புகை நீடித்தாலோ, பூஸ்டைக் கூட்டாமல் எரிபொருளைக் குறைக்க வேண்டும். உதகை சேர்ந்ததும் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஆயில் அளவையும் இன்டர்கூலர் குழாய் இணைப்புகளையும் பார்த்த பின்பே சுமை ஏற்றலாம்.